கேட் போட்ட நேரத்துக் கேள்விகள்

எங்கள் வீட்டில் ஜி.கே. என்றால் பெரியப்பாதான். திருவள்ளூர் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். காலையில் வேப்பம்பட்டு ஸ்டேஷனில் ஊரே சென்ட்ரல் பக்கம் போகும் வண்டிக்கு முண்டியடித்துக்கொண்டு நிற்கும். பெரியப்பா மட்டும் எதிர் பிளாட்பாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து திருவள்ளூர் வண்டிக்குக் காத்திருப்பார். செவ்வாப்பேட்டை, புட்லூர் தாண்டினால் திருவள்ளூர். ரயிலில் படிக்க நேரம் கிடையாது. ஆனால் கேஸ் கூப்பிடும்வரை கோர்ட்டு வராந்தாவில் காத்திருப்பதுதான் குமாஸ்தா உத்தியோகத்தில் பாதி. அந்தப் பாதியில் அவர் படித்துத் தள்ளினார். பேப்பர், இயர்புக், அட்டை போன சட்டப் புத்தகம், கடலை மடித்த காகிதம் எதையும் விட்டதில்லை. சாயங்காலம் வந்து அத்தனையையும் எங்கள் தலையில் கேள்வியாக இறக்கி வைப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் வேப்பம்பட்டு பாதி ஊர், பாதி மனை. வயலுக்கு நடுவே வெள்ளையடித்த எல்லைக் கற்கள் வரிசையாக நிற்கும். ஆவடி டாங்கி ஃபேக்டரி, பெரம்பூர் ஐ.சி.எஃப்., அம்பத்தூர் எஸ்டேட் என்று வேலை பார்த்தவர்கள் பி.எஃப். லோன் போட்டு மனை வாங்கிப் போட்டிருந்தார்கள். வீடு கட்டிக் குடிவந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ராத்திரியில் தவளைச் சத்தம், ரயில் சத்தம், நாய்ச் சத்தம். கரண்ட் இருந்தால் டி.வி., இல்லாவிட்டால் பெரியப்பா. கரண்ட் அடிக்கடி போகும்.

கேள்வி நேரம் பெரும்பாலும் ரயில்வே கேட்டில் நடக்கும். எங்கள் பக்கத்திலிருந்து கடைத்தெருவுக்கோ சி.டி.எச். ரோட்டுக்கோ போகத் தண்டவாளத்தைத் தாண்டியாக வேண்டும். கேட் போட்டால் ஒரு வண்டியோடு விட மாட்டார்கள். ஒரு லோக்கல் போகும், பின்னாலேயே ஒரு எக்ஸ்பிரஸ், எதிரே ஒரு கூட்ஸ். சைக்கிளைச் சாய்த்து கேட்டுக்கு அடியில் நுழைந்து ஓடுகிறவர்களைப் பார்த்துப் பெரியப்பா பல்லைக் கடிப்பார். நானும் தங்கையும் சித்தப்பா பசங்களும் அவர் கூடவே நிற்க வேண்டும். நிற்கிற நேரத்துக்குக் கேள்வி.

முதலில் வண்டியின் பெயரைச் சொல்ல வேண்டும். பிருந்தாவன், லால்பாக், சப்தகிரி, ஏற்காடு, மங்களூர் மெயில், பாம்பே மெயில் என்று பெட்டியில் தொங்கும் பலகையைப் படிப்பதற்குள் வண்டி போய்விடும். சத்தத்தையும் நேரத்தையும் வைத்தே சொல்லப் பழகியிருந்தோம். அடுத்து அந்த ஊர் எந்த மாநிலம், தலைநகரம் எது, என்ன ஆறு, என்ன மொழி. டில்லி, கல்கத்தா வண்டிகள் எங்கள் ஊர்ப் பக்கம் வராது. கும்மிடிப்பூண்டி வழியாக வடக்கே போய்விடும். அதனாலோ என்னவோ, எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு உத்தரப்பிரதேசமும் பீகாரும் கடைசிவரை கொஞ்சம் பலவீனம்தான்.

மங்களூர் மெயில் போகும்போது அவர் கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது.

“மங்களூர் எந்த ஸ்டேட்டு?”

“கர்நாடகா.”

“அப்புறம் எதுக்குடா இந்த வண்டி பெங்களூர் போகாம கேரளாவைச் சுத்திக்கிட்டுப் போகுது?”

யாருக்கும் தெரியாது. ஒரு கூட்ஸ் முழுதாகப் போய் முடியும்வரை விட்டுவைத்துப் பிறகு சொன்னார். மேற்குத் தொடர்ச்சி மலை ரயிலுக்குச் சுலபமாக வழி விடுகிற இடம் பாலக்காட்டுக் கணவாய். மலைச்சுவரில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல். அந்த வாசலில் நுழைந்து, கடற்கரையை ஒட்டி வடக்கே ஏறினால் மங்களூர். அந்தப் பாதை போட்ட காலத்தில் மங்களூர், கோழிக்கோடு, பாலக்காடு எல்லாமே சென்னை மாகாணம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது ஊர்கள் மாநிலம் மாறின, தண்டவாளம் போட்ட இடத்திலேயே கிடந்தது. பூகோளமும் சரித்திரமும் சட்டமும் ஒரே கேள்விக்குள் இருக்க முடியும் என்பது எனக்கு அந்த கேட்டில் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் அவற்றுக்கு மூன்று நோட்டு, மூன்று வாத்தியார்.

லோக்கல் வண்டியில் பொது அறிவு விற்பனைக்கும் வரும். சுண்டல், சமோசா, கொய்யாப்பழம், ஊசி நூல், சீப்பு இவற்றுக்கு நடுவே மார்போடு ஒரு கட்டுப் புத்தகத்தை அணைத்துக்கொண்டு ஒருவர் ஏறுவார். “கிளார்க் பரீட்சையிலேர்ந்து கலெக்டர் பரீட்சை வரைக்கும், சார், ஒரே புத்தகம்” என்று ஆரம்பித்தால் அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் இருபது கேள்வியும் பதிலும் மூச்சு விடாமல் ஒப்பித்துவிடுவார். அந்தப் புத்தகத்தை இப்போது நினைத்தாலும் விரல் நுனியில் மை ஒட்டுகிறது. மெல்லிய மஞ்சள் அட்டை. அட்டையில் ஒரு பக்கம் ராக்கெட், இன்னொரு பக்கம் அசோகர் தூணின் சிங்கங்கள், நடுவில் பூமி உருண்டை. உள்ளே சாணித்தாள். இரண்டு கம்பி பின்னில் நிற்கும். பக்கத்தை வெட்டியவர் கைக்கு வந்தபடி வெட்டியதில், சில கேள்விகளுக்குப் பதிலின் கடைசி எழுத்து போயிருக்கும். உலகின் உயரமான சிகரம், நீளமான நதி, பெரிய தீவு, சிறிய நாடு. முதல் பெண் பிரதமர், முதல் விண்வெளி வீரர். எல்லாமே ‘முதல்’ அல்லது ‘மிக’. இரண்டாவதாக வந்தவருக்கு அந்தப் புத்தகத்தில் இடமே கிடையாது.

பெரியப்பா அதை வாங்கித் தருவார். வாங்கித் தந்துவிட்டு வக்கீல் வீட்டுப் புத்தியோடு பிரித்து மேய்வார். “இந்தியாவின் முதல் ரயில்: பம்பாய் - தானா, 1853” என்றிருக்கும். ‘முதல்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுவார். 1853 ஏப்ரல் 16-இல் ஓடியது முதல் பயணிகள் ரயில். அதற்கு முன்பே, 1837-இல், நம் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் ரோடு போடக் கல் ஏற்றி வர ஒரு ரயில் பாதை இருந்திருக்கிறது; ஆர்தர் காட்டன் காலத்து வேலை. “கேஸு ஜெயிக்கிறதும் தோக்கிறதும் ஒரு வார்த்தையிலடா. ‘பயணிகள்’னு போட்டா பம்பாய். போடலைன்னா செங்குன்றம்” என்பார்.

பம்பாய் 1853, கல்கத்தா பக்கம் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு 1854. மூன்றாவது எது என்று அந்த மஞ்சள் புத்தகம் கேட்கவில்லை. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் வண்டி கிளம்பியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அதே நாளில் இன்னொரு வண்டி ராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வரை வந்தது. ராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வருகிற ரயில் எங்கள் ஊரைத் தொடாமல் எப்படி வர முடியும்? நாங்கள் கேட் திறக்கக் காத்திருந்த தண்டவாளத்தின் வயது அன்றைக்கே 140 ஆண்டுகளை நெருங்கிவிட்டது. இதைக் கேட்ட நாளிலிருந்து எங்களுக்கு ஊரைப் பற்றி ஒரு கர்வம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஆவடிப் பையன்கள் டாங்கியைச் சொல்லி அலட்டுவார்கள். நாங்கள் 1856-ஐச் சொல்லி அலட்டினோம்.

ஆவடிப் பையன்களிடம் இன்னொரு துணுக்கும் இருந்தது. ஆவடி என்ற பெயரே இங்கிலீஷ் எழுத்துகளின் சுருக்கம், டாங்கி ஃபேக்டரி வந்ததால் வந்த பெயர் என்று சத்தியம் செய்வார்கள். இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் அது சுற்றுகிறது. பெரியப்பா ஒரே குறுக்குக் கேள்வியில் அதைச் சாய்த்தார். காங்கிரஸ் மாநாடு ஆவடியில் நடந்து, சோஷலிசப் பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது 1955 ஜனவரியில். டாங்கி ஃபேக்டரி வந்தது 1961-இல். “அப்ப ஆறு வருஷத்துக்கு முன்னாடி நேரு வந்து எறங்குன ஊருக்குப் பேரே இல்லையா?”

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. கேள்வி எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம், ஆனால் அதன் ஒரு முனையாவது நம் சீசன் டிக்கெட்டில் போய்ப் பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். கடலே இல்லாத ஊரில் கடற்படைக்கு விமானத் தளம் எங்கே? அரக்கோணத்தில், ஐ.என்.எஸ். ராஜாளி, 1992. ராஜேந்திர சோழனின் கங்கைப் படையெடுப்பைச் சொல்லும் செப்பேடுகள் எந்த ஸ்டேஷனில் இறங்கினால்? திருவாலங்காட்டில். ஒரு செங்கல்கூட வைக்காமல் கோயில் கட்டியவர் யார்? இதற்கு ஒரே ஒரு ஸ்டேஷன் கிழக்கே போனால் போதும். திருநின்றவூர்ப் பூசலார், மனசுக்குள்ளேயே கோயில் கட்டியவர். அவர் குடமுழுக்குக்குக் குறித்த நாளில் காஞ்சிபுரத்தில் பல்லவ ராஜா கட்டிய கற்கோயிலுக்கும் நாள் குறித்திருக்க, சிவன் ராஜாவின் கனவில் போய்த் தேதியைத் தள்ளி வைக்கச் சொன்ன கதை. பெரியப்பா இதை ‘வாய்தா’ என்பார். கதையை எழுதிய சேக்கிழாரும் வெளியூர்க்காரர் இல்லை, பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் இருக்கும் குன்றத்தூர்க்காரர்.

சங்கீதம் அத்தை பாகம். பெரியப்பாவின் தங்கை, கல்யாணத்துக்கு முன் கொஞ்சம் பாட்டுக் கற்றுக்கொண்டவர். ரேடியோவில் பாட்டு ஆரம்பித்ததும் அடுப்படியிலிருந்து “என்ன ராகம்?” என்று குரல் வரும். மோகனம், கல்யாணி இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லி வைத்தால் பாதி நேரம் தப்பித்துவிடலாம். மும்மூர்த்திகள் மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள் என்பது புத்தகத்தில் இருந்தது. அவர்கள் எங்கள் பக்கம் வந்தது அதில் இல்லை. அத்தைதான் சொன்னார். முத்துசாமி தீட்சிதர் முதல் கீர்த்தனையைப் பாடியது திருத்தணியில். முருகன் ஒரு கிழவராக வந்து வாயில் கற்கண்டு போட்டதாகக் கதை. தியாகராஜர் வந்தது போரூரை அடுத்த கோவூருக்கு, சுந்தரேச முதலியார் என்ற பிரபு அழைத்து. தன்னைப் பற்றி ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று அவர் ஆசைப்பட, மனிதரைப் பாட மாட்டேன் என்றிருந்த தியாகராஜர், கோயிலில் அதே பெயரோடு இருந்த சுந்தரேஸ்வரர் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார் என்பார்கள். கோவூர் பஞ்சரத்தினம் என்று பெயர். “முதலியாருக்கும் திருப்தி, சாமிக்கும் திருப்தி, விரதமும் கெடலை” என்று அத்தை சிரிப்பார். 1998-இல் எம்.எஸ். அம்மாவுக்குப் பாரத ரத்னா கிடைத்தது. சங்கீதத்துக்காக அதைப் பெற்ற முதல் ஆள். மஞ்சள் புத்தகத்தில் சேர்க்கத் தகுந்த ‘முதல்’ ஒன்று கண்ணெதிரே நடந்ததில் அத்தை அன்றைக்குப் பாயசம் வைத்தார்.

திருத்தணியைப் பெரியப்பா வேறு விதமாகப் பயன்படுத்துவார். ஆசிரியர் தினத்தன்று பள்ளிக்கூடத்தில் ராதாகிருஷ்ணனைப் பற்றிப் பேசிவிட்டு வந்தால், “அவர் பொறந்த திருத்தணி எந்த மாவட்டம்?” என்று கேட்பார். எந்த வருஷத்தில் என்று திருப்பிக் கேட்டால்தான் உனக்கு மார்க். 1888-இல் அவர் பிறந்தபோது அது வட ஆற்காடு மாவட்டம். 1911-இல் சித்தூர் மாவட்டத்தைப் பிரித்தார்கள், திருத்தணி அதற்குள் போனது. 1953-இல் ஆந்திரம் தனியானபோது சித்தூரோடு சேர்ந்து ஆந்திராவுக்குப் போனது. ம.பொ.சி. தலைமையில் எல்லைப் போராட்டம், சிறை, பேச்சுவார்த்தை, படாஸ்கர் என்பவர் நடுவராக வந்து பார்த்தது, பார்லிமென்டில் 1959-இல் எல்லை மாற்றச் சட்டம். 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தில், செங்கல்பட்டு மாவட்டத்தில். பதிலுக்கு நம் பக்கத்துச் சத்தியவேடு ஆந்திராவுக்குப் போயிற்று. ராதாகிருஷ்ணன் அப்போது துணை ஜனாதிபதி. பிறந்த ஊர் மாநிலம் மாறுவதை ராஜ்யசபை நாற்காலியில் இருந்தபடி பார்த்திருப்பார்.

1997-இல் அதே திருத்தணி இன்னொரு முறை மாவட்டம் மாறியது, கூடவே நாங்களும். அதுவரை தபாலில் எங்கள் விலாசம் ‘வேப்பம்பட்டு, செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்’. அந்த வருஷம் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தது. மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்கள் பெயரையும் அதே வருஷம் எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய வருஷம்தான் மெட்ராஸ் சென்னை ஆனது. அதற்கும் முந்தைய வருஷம் பம்பாய் மும்பை ஆனது. வகுப்பறைச் சுவரில் தொங்கிய உலகப் படத்திலோ சோவியத் யூனியன் பாதி ஆசியாவை மூடிக்கொண்டு இன்னும் சிவப்பாகவே இருந்தது. அது 1991-லேயே காணாமல் போயிருந்தது. பெரியப்பா மஞ்சள் புத்தகத்தில் தேதி போட்டு அடித்துத் திருத்துவார். புதுப் புத்தகம் வாங்க மாட்டார். “பதிலுக்கும் எக்ஸ்பயரி தேதி இருக்கு, மருந்து மாதிரி” என்பது அவர் கணக்கு. எவரெஸ்ட் 8848 மீட்டர் என்று அடிக்கடி ஒப்பிப்போம். 2020-இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அதை 8848.86 ஆக்கியபோது எனக்கு அந்தப் பென்சில்தான் ஞாபகம் வந்தது.

ஒரே ஒரு விஷயத்தை அவர் கேள்வியாக்க விடவில்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கு விசாரணை பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. பூந்தமல்லிக்கு பஸ்ஸில் போனால் போலீஸ் காவலைப் பார்க்கலாம். 1998 ஜனவரி 28-இல் தீர்ப்பு வந்தது, 26 பேருக்கும் தூக்கு. சித்தப்பா பையன் மறுநாளே அதைக் கேள்வியாக்கினான்: எத்தனை பேர்? பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “மேல கோர்ட்டு இருக்கு. உசுரு விஷயத்தை ஜி.கே.வா கேக்கப்படாது” என்று முடித்துவிட்டார். 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது. பிறகு அதுவும் ஆயுள் தண்டனையாகக் குறைந்து, 2022-இல் சிறையில் மிச்சம் இருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்தார்கள். குமாஸ்தா சொன்னது சட்டப்படி சரி.

கடைக்குப் போவதும் பாடம்தான். பாட்டியிடம் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது, புளி போட்டு வைக்க. ஒரு நாள் பெரியப்பா அதையும், அண்ணாச்சி கடையில் அப்போதுதான் வாங்கி வந்த ஒரு சோப்பையும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “ரெண்டுலயும் விலை போட்டிருக்கு. என்ன வித்தியாசம்?” விலைதான் வித்தியாசம் என்றோம். கடைசி வரியைப் படிக்கச் சொன்னார். டின்னின் அடியில், துருவுக்கு நடுவே பொடி எழுத்தில், விலைக்குப் பின்னால் ‘லோக்கல் டாக்சஸ் எக்ஸ்ட்ரா’. சோப்பு உறையில் ‘எல்லா வரிகளும் உட்பட’. முன்பெல்லாம் கம்பெனி விலையைப் போட்டுவிட்டு வரி தனி என்று எழுதிவிடலாம். வரி எவ்வளவு என்று வாங்க வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? கடைக்காரர் சொன்னதுதான் வரி. 1990-இல் பொட்டலப் பொருள் விதிகளைத் திருத்தி, வரி உட்பட அதிகபட்ச விலையைத்தான் அச்சிட வேண்டும் என்று ஆக்கினார்கள். “அதிகபட்சம்னுதான் போட்டிருக்கு. அதுக்குக் கீழ கேக்க உனக்கு உரிமை இருக்கு” என்று சொல்லி அனுப்பினார். நாங்கள் போய்க் கேட்டோம். அண்ணாச்சி தராசுத் தட்டைத் துடைத்தபடி, “உங்க பெரியப்பாவை வந்து கேக்கச் சொல்லுங்க தம்பி. போன மாசக் கணக்கு நோட்டுல நிக்குது” என்றார். 1986-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கணக்கு நோட்டைப் பற்றி ஒன்றும் இல்லை போலும்.

அதே அண்ணாச்சி கடையில் இரண்டு காலம் ஓடிக்கொண்டிருந்தது. சட்டப்படி கிலோவும் லிட்டரும். பாட்டி கேட்பதோ படி, ஆழாக்கு. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதியே ரூபாய்க்கு நூறு காசு என்று ஆகிவிட்டது. பாட்டிக்கு 25 காசு கடைசிவரை நாலணாதான். 2011-இல் அந்த நாணயத்தைச் செல்லாது என்று அறிவிக்கும்வரை கடைக்காரரும் அப்படியே சொன்னார்.

பெரிய கொள்முதல் என்றால் பட்டணம். எங்கள் லோக்கல் போய் நிற்கிற இடத்துக்கு மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்று பெயர், ஆனால் அங்கே மார்க்கெட் இல்லை. 1900-இல் திறந்த சிவப்புக் கட்டடம், பழைய புத்தகம் முதல் பறவைக் குஞ்சு வரை விற்ற இடம், 1985 மே 30-இல் எரிந்து போயிற்று. அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் வந்து, புத்தகக் கடைகள் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போய்விட்டன. பெரியப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் பழைய இயர்புக் பொறுக்குவார். போன வருஷத்துப் புத்தகம் பாதி விலை, அதற்கும் முந்தையது எடைக்கு. தப்பான பதில்களைத் திருத்தத்தான் கையில் பென்சில் இருக்கிறதே!

2000-இல் டி.வி.யிலேயே கேள்வி கேட்டுக் கோடி கொடுக்க ஆரம்பித்தார்கள். இந்தியில் அமிதாப், கொஞ்ச நாளில் தமிழில் சரத்குமாரின் ‘கோடீஸ்வரன்’. இந்தியில் ஒரு கோடியை முதலில் ஜெயித்தவர் ஹர்ஷவர்தன் நவாதே. பக்கத்து வீட்டில் கேபிள் இருந்தது. கடைசிக் கேள்வி, பார்லிமென்ட் நடவடிக்கைகளில் கலந்துகொள்ள அரசியல் சட்டம் யாரை அனுமதிக்கிறது என்பது. நான்கு பதில்கள் திரையில் வந்தன. பெரியப்பா வாசற்படியில் நின்றபடியே, “அட்டர்னி ஜெனரல். எண்பத்தெட்டாவது ஷரத்து. பேசலாம், ஓட்டுப் போடக் கூடாது” என்றார். திரையில் அந்தப் பையன் வியர்த்து வழிந்து அதே பதிலைச் சொல்லிக் கோடீஸ்வரன் ஆனான். பெரியப்பா வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலை வழக்கம் போல எதிர் பிளாட்பாரம்.

அவர் எங்களைக் கூட்டிப்போன ஒரே சுற்றுலா பூண்டி. திருவள்ளூரில் இறங்கி பஸ். ஏரியைப் பார்க்கத்தான் எல்லோரும் வருவார்கள், சத்தியமூர்த்தி பெயரில் 1944-இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம். பெரியப்பா நேரே தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்துக்கு நடத்தினார். கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் கற்கள், முனை கூராக, இரண்டு பக்கமும் செதுக்கியவை. ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியல்காரர் 1863 மே 30-இல் பல்லாவரத்தில் ஒரு கல் கோடரியைக் கண்டெடுத்தார். (மூர் மார்க்கெட் எரிந்ததும் ஒரு மே 30. இது எந்தப் பரீட்சைக்கும் உதவாது, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) அதே வருஷம் செப்டம்பரில் கொசஸ்தலையாற்றங்கரை அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறைய. எங்கள் ஊரிலிருந்து அரை நாளில் போய் வரக் கூடிய தூரம். மஞ்சள் புத்தகத்தில் எகிப்துப் பிரமிடு இருந்தது, சீனப் பெருஞ்சுவர் இருந்தது, அத்திரம்பாக்கம் இல்லை.

அதற்கப்புறம் அந்தப் பதிலும் பெரிதாகிவிட்டது. சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் அத்திரம்பாக்கத்தில் பல ஆண்டுகள் தோண்டி, அங்குள்ள பழைய கற்கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். 2018-இல் ‘நேச்சர்’ இதழில் இன்னொரு கட்டுரை. இப்போது திருவள்ளூர் லைனில் மனையெல்லாம் வீடாகிவிட்டது, வீட்டுக்கு வீடு பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது. பூண்டிக்கு திருவள்ளூரிலிருந்து பஸ் உண்டு. அகழ்வைப்பகம் திறந்திருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு ஒரு முறை கூட்டிப் போங்கள். கல் கோடரியைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு 1863-ஐ மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டியதில்லை.